பாவம் செய்த சூட்டோடு ஜெபிக்கலாமா? திருவிருந்து எடுக்கலாமா?

திருமங்கலம்_ஐக்கியம் (கேள்வி)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

திருமங்கலம் பக்கத்துச் சபை ஒன்றில் வாலிபர் ஐக்கியத்துக்கு அடுத்த மாதம் வேதபாடம் நடத்த வேண்டியிருக்கிறது. பகுதி எபிரெயர் 4:14-16, கூடவே 10:19-25. நேரம் முக்கால் மணி. முப்பது பேர் வருவார்கள். பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள், மீதி கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்க்கிறவர்கள்.

"தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்" என்கிற வசனம் ஞாயிறு பள்ளியிலிருந்தே எல்லாருக்கும் மனப்பாடம். நடப்பு வேறு மாதிரி இருக்கிறது. திருவிருந்து (அப்பமும் ரசமும் பரிமாறுகிற ஆராதனை) ஞாயிறு வந்தால் பிரசங்கம் முடிந்ததும் கடைசி பெஞ்சில் இருக்கிற பிள்ளைகள் நைசாக எழுந்து வெளியே போய்விடுகிறார்கள். கேட்டால் "அபாத்திரமாய்ப் புசித்தால் ஆக்கினைத்தீர்ப்பு" என்று 1 கொரிந்தியர் 11-ஐக் காட்டுகிறார்கள். சிலர் ஒரு தப்பு நடந்துவிட்டால் ஒரு வாரம் வேதத்தையே தொடுவதில்லை, சூடு ஆறின பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி வருகிறார்கள். இன்னும் சிலர் உபவாசத்துக்கு மேல் உபவாசம் போட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஒரு தங்கச்சி, மனப்பூர்வமாய்ப் பாவஞ்செய்தால் இனி வேறொரு பலி இல்லை என்கிற எபிரெயர் 10:26-ஐ வாசித்துவிட்டு "எனக்கு இனிமேல் பலியே இல்லை" என்று உட்கார்ந்திருக்கிறது.

"கவலைப்படாதே, இயேசு மன்னிப்பார்" என்று சொல்லி அனுப்பினால் போதாது என்று தெரிகிறது. பாவம் செய்தவன் அடுத்த பத்து நிமிஷத்தில் என்ன செய்ய வேண்டும், அடுத்த வாரம் என்ன செய்ய வேண்டும், எது வேலைக்கு ஆகாது என்று பிட்டுப் பிட்டு வைக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேவி_16

அண்ணே, 4:14-ல ஆரம்பிக்காதீங்க. ரெண்டு வசனம் முன்னாடி போய் 4:12-13-ல ஆரம்பிங்க. "சகலமும் அவருடைய கண்களுக்குமுன்பாக நிர்வாணமாயும் வெளியரங்கமாயுமிருக்கிறது." இதைச் சொன்ன கையோடதான் "தைரியமாய்ச் சேருங்கள்"னு ஆக்கியோன் சொல்றார். பிள்ளைங்க பயப்படுறது "தெரிஞ்சிரும்"னுதான். அது ஏற்கெனவே தெரிஞ்சாச்சு. தெரிஞ்ச பிறகும் கூப்பிடுறார். இந்த வரிசையை விட்டுட்டு 16-ஐ மட்டும் எடுத்தா அது காலண்டர் வசனமாப் போயிரும்.

அடுத்து லேவியராகமம் 16-ஐ ஒரு பத்து நிமிஷம் வாசிக்க வைங்க. வருஷத்துக்கு ஒரே நாள், ஏழாம் மாதம் பத்தாம் தேதி. மகா பரிசுத்த ஸ்தலத்துக்கு உள்ளே போறது பிரதான ஆசாரியன் ஒரே ஆள். அவனும் முதல்ல தனக்காக ஒரு காளையைப் பலியிடணும் (வசனம் 11). தூபகலசத்துல தணலையும் இரண்டு கை நிறைய தூபவர்க்கத்தையும் கொண்டுபோய், புகை கிருபாசனத்தை (உடன்படிக்கைப் பெட்டியோட மூடி) மூடணும், இல்லேன்னா சாவான் (12-13). அப்புறம்தான் ஜனங்களுக்கான வெள்ளாட்டுக்கடா. அவன் உள்ளே இருக்கிற நேரம் கூடாரத்துல வேற ஒரு மனுஷனும் இருக்கக் கூடாது (17). இவ்வளவு கெடுபிடி இருந்த இடத்துக்குத்தான் எபிரெயர் 10:19 "பிரவேசிக்கத் தைரியம் உண்டு"ன்னு சொல்லுது. கெடுபிடியைக் காட்டாம தைரியத்தைச் சொன்னா அதுல ருசி இருக்காது. (காலில் கயிறு கட்டி இழுப்பாங்கன்னு பிரசங்கத்துல சொல்வாங்களே, அது வேதத்துல எங்கேயும் இல்ல. அதை விட்ருங்க.)

பிறகு 10:11-12. ஆசாரியன் நாள்தோறும் நிற்கிறான், இயேசு உட்கார்ந்தார். ஆசரிப்புக்கூடாரத்துத் தட்டுமுட்டுச் சாமான் பட்டியலைப் பாருங்க: பலிபீடம், தொட்டி, மேஜை, குத்துவிளக்கு, தூபபீடம், பெட்டி. ஆசாரியன் உட்கார ஒரு முக்காலி கிடையாது. வேலை முடியாததால உட்கார இடமும் வைக்கல. உட்கார்ந்தவர் வேலையை முடிச்சிட்டார். தைரியத்துக்கு அஸ்திவாரம் இதுதான். நாம எவ்வளவு அழுதோம், எத்தனை வேளை சாப்பிடலைங்கிறது அஸ்திவாரத்துல வராது.

இங்கேதான் அந்த ஒரு வாரம் தள்ளிப்போடுற பழக்கம் எங்க தப்பாகுதுன்னு பிடிக்கலாம். சூடு ஆறட்டும்னு காத்திருக்கிறவன் அந்த ஏழு நாள் சங்கடத்தையே பலியாச் செலுத்துறான். "இவ்வளவு வருத்தப்பட்டாச்சு, இப்ப போகலாம்"ங்கிறது அவன் கணக்கு. லூக்கா 15-ல தகப்பனை விட்டுப் போய்த் திரும்பி வந்த இளைய குமாரனும் இதையேதான் கொண்டுபோனான். பன்றித் தொழுவத்துல அவன் தயார் பண்ணின பேச்சுல மூணு பகுதி: பாவஞ்செய்தேன், உம்முடைய குமாரன் எனப்பட நான் பாத்திரன் அல்ல, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் (18-19). வீட்டு வாசல்ல அவன் சொன்னது முதல் ரெண்டு மட்டும் (21). மூணாவதுக்குள்ள தகப்பன் வஸ்திரத்துக்கு ஆள் அனுப்பிட்டார். உங்க பிள்ளைங்க ஜெபத்துல அந்த மூணாவது பகுதி எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேடச் சொல்லுங்க. "இனிமே தினமும் நாலு மணிக்கு எந்திரிக்கிறேன்", "மூணு நாள் உபவாசம் இருக்கேன்", "அடுத்த மாசச் சம்பளத்துல இவ்வளவு காணிக்கை போடுறேன்". உபவாசம் நல்லதுதான், மன்னிப்புக்கு விலையா வச்சாத்தான் கெட்டுப்போகுது.

பத்து நிமிஷம் கேட்டீங்களே, அதுக்குச் சங்கீதம் 51 போதும். 1-2 அவருடைய இரக்கத்தைச் சொல்லி ஆரம்பிக்குது, தன் பாவத்துல ஆரம்பிக்கல. 3-5-ல ஒத்துக்கொள்றது. 6-12-ல கழுவச் சொல்லி, சந்தோஷத்தைத் திரும்பக் கேட்கிறது. 13-லிருந்து மத்தவங்களுக்குப் போகுது. இந்த வரிசையில அவனவன் சொந்த வார்த்தையில சொல்லட்டும். பாவத்தைப் பேர் சொல்லிச் சொல்லணும். "நான் செய்த எல்லாப் பாவத்தையும் மன்னியும்"னு மொத்தமா மூட்டை கட்டினா, எது மன்னிக்கப்பட்டதுன்னு அவனுக்கே பிடி கிடைக்காது, ராத்திரி அதே நெஞ்சடைப்பு. "மேலாளர்கிட்ட இன்ன விஷயத்துல பொய் சொன்னேன்"னு ஒரு வாக்கியம். பாவங்களை அறிக்கையிட்டா அவர் மன்னிப்பார்னு சொல்ற 1 யோவான் 1:9-ஐ சத்தமா வாசி. நன்றி சொல்லு. எந்திரி. அதே பாவத்துக்கு மறுபடி மன்னிப்புக் கேட்காதே, அது நினைவுக்கு வரும்போதெல்லாம் நன்றி மட்டும் சொல்லு.

கீழவாசல்_உபதேசியார்

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் குழுவில் இல்லாவிட்டாலும் கல்லூரித் தோழர்களில் எங்கள் பிள்ளைகள் இருப்பார்கள், கேள்வி வரும்.

எங்களிடம் வழி வகுத்தே கொடுக்கப்பட்டிருக்கிறது. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் செய்யும் பாவ அறிக்கை) ஐந்து காரியம்: பாவங்களை நினைத்துப் பார்ப்பது, அவற்றுக்காக மனம் வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது, குருவிடம் வெளிப்படுத்துவது, அவர் கொடுக்கும் பரிகாரத்தைச் செய்வது. சிறு பிள்ளையில் ஒப்பித்தது என்பதால் பெரியவர்கள் இதை அலட்சியம் செய்கிறார்கள். ஆனால் குழப்பமெல்லாம் இந்த ஐந்தில் ஒன்று வீங்கி மற்றது சுருங்குவதால்தான் வருகிறது.

பெரும்பாலும் வீங்குவது முதலாவது. ஒரு மணி நேரம் தோண்டித் துருவி, எட்டாம் வகுப்பில் திருடின ரப்பர் வரை கணக்கெடுப்பார்கள். ஐந்து, பத்து நிமிடம் போதும். சாவான பாவத்துக்கு, அதாவது கடவுளோடு உள்ள உறவையே முறிக்கிற பெரிய பாவத்துக்கு, மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்: கனமான காரியம், முழு அறிவு, முழு சம்மதம். ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவமாகாது. தூக்கத்தில் வந்த கனவுக்கும், விரட்டி விரட்டி வந்த கெட்ட நினைப்புக்கும் சம்மதம் எங்கே இருக்கிறது? சாவான பாவங்களை வகையும் தோராயமான எண்ணிக்கையும் சொல்ல வேண்டும். "வாரத்துக்கு ஒருமுறை போல, ஆறு மாதமாக" என்றால் போதும். கதை வேண்டாம், கூட இருந்தவர் பெயர் வேண்டாம். மறந்துபோனது மன்னிக்கப்பட்டதுதான், நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொன்னால் சரி. வேண்டுமென்றே ஒன்றை மறைத்தால் மட்டும் முழுதும் வீண்.

வெட்கம் தடுக்கிறதென்றால் அதற்கும் வழி உண்டு. சொந்தப் பங்கில்தான் செய்ய வேண்டும் என்று சட்டமில்லை. தெரிந்த முகம் கூச்சமாக இருந்தால் மதுரை டவுனுக்கு வந்து மரியன்னை பேராலயத்தில் செய்யலாம். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் முழங்காலிடலாம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கேட்டதை வெளியே சொல்லக் குருவுக்கு எந்தக் காரணத்துக்காகவும் அனுமதி கிடையாது (திருச்சபைச் சட்டம் 983). எப்படித் தொடங்குவது என்று தெரியாதவர்கள் "சாமி, பாவசங்கீர்த்தனம் செய்து இரண்டு வருஷமாகிறது, முறை மறந்துபோச்சு" என்றே தொடங்கலாம். மீதியை அவர் கேட்டு வாங்கிக்கொள்வார்.

அதுவரை ஆண்டவரிடம் பேசவே கூடாதா? பேசலாம், பேச வேண்டும். கடவுள்மேல் உள்ள அன்பினால் வரும் உத்தம மனஸ்தாபமும், கூடிய சீக்கிரம் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதியும் இருந்தால் சாவான பாவமும் அந்த நேரத்திலேயே மன்னிக்கப்படுகிறது. நற்கருணை (நீங்கள் திருவிருந்து என்பது) வாங்குவதற்கு மட்டும் பாவசங்கீர்த்தனம் முடியக் காத்திருக்கிறோம். ஜெபத்துக்குக் காத்திருப்பு இல்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் எங்கள் பிள்ளைகள் ஒரேயடியாகக் கோயிலுக்கு வராமல் போகிறார்கள்.

ஜெபவீரன்

மனுஷன்கிட்ட ஏன் போகணும்? ஒரே மத்தியஸ்தர், 1 தீமோத்தேயு 2:5. நேரா அப்பாகிட்ட பேசினா முடிஞ்சது. இத்தனை சட்டம் போட்டா தைரியம் எங்க இருந்து வரும்?

லேவி_16

தம்பி, மத்தியஸ்தர் ஒருத்தர்தான், அதுல சண்டை இல்ல. ஆனா யாக்கோபு 5:16 "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு"ன்னுதான் இருக்கு. லுத்தரன் ஞானோபதேசத்துலயும் பாவ அறிக்கைக்கு ரெண்டு பகுதி: அறிக்கையிடுறது ஒண்ணு, மன்னிப்பை ஆயர் வாயிலிருந்து தேவனே சொன்னதா எடுத்துக்கொள்றது இன்னொண்ணு. சி.எஸ்.ஐ. திருவிருந்து முறையில தொடக்கத்திலேயே பாவ அறிக்கையும் மன்னிப்பின் வாக்கும் இருக்கு. நம்ம ஆளுங்க பாதிப் பேர் வர்றது ரெண்டாவது பாட்டுக்கு. அறிக்கையும் மன்னிப்பும் முடிஞ்சுபோயிருக்கும். அப்புறம் மனசு பாரமா இருக்கு, திருவிருந்துப் பந்திக்குப் போகல. திருமங்கலம் அண்ணே, "ஆராதனைக்கு முதல் மணிக்கே வாங்க"ன்னு ஒரு வரி சேர்த்துக்குங்க.

தனியா ஒரே பாவத்துல திரும்பத் திரும்ப விழுறவனுக்கு இன்னொரு காது கட்டாயம் வேணும். போன்ல பார்க்கக் கூடாததைப் பார்க்கிறது, டாஸ்மாக், ஆன்லைன் ரம்மி, இதெல்லாம் ரகசியத்துலதான் வளருது. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், வயசுல மூத்தவங்க ஒருத்தர். வாரம் ஒரு நாள், ஒரே கேள்வி: "இந்த வாரம் எப்படி?" ராத்திரி போன் சார்ஜர் படுக்கிற அறையில இருக்கக் கூடாது. வாட்ஸ்அப் குரூப்ல அறிக்கையிட வேண்டாம், மறுநாளே ஊர் முழுக்க ஜெபக்குறிப்பாப் போயிரும். திரும்ப விழுந்தா மறுபடி வரலாமான்னு கேட்பாங்க. லூக்கா 17:4-ஐக் காட்டுங்க: ஒரே நாள்ல ஏழுதரம் வந்து "மனஸ்தாபப்படுகிறேன்"னா மன்னிக்கணும்னு மனுஷனுக்கே சொன்னவர், தனக்குக் குறைச்சலா வச்சிருப்பாரா?

திருமங்கலம்_ஐக்கியம்

மிக்க நன்றி ஐயா, அண்ணே. முதல் மணி விஷயம் நச்சென்று இருக்கிறது. இரண்டு சந்தேகம். ஒருத்தர் பணத்தில் கை வைத்திருக்கிறார் என்று வையுங்கள், ஜெபித்தால் முடிந்ததா? இன்னொன்று, சிலருக்குத் தாங்கள் செய்யாத ஒன்றுக்காகவே கூனிக் குறுகி நிற்கிற நிலை இருக்கிறது. அதற்கு அறிக்கை எப்படிப் பொருந்தும்?

சகேயு_வீடு

பணத்துக்கு மட்டும் நான் சொல்கிறேன்.

ஜெபித்தால் தேவனோடு முடிந்தது, பணத்துக்காரரோடு முடியவில்லை. லேவியராகமம் 6:2-5 கணக்கே போட்டுக் கொடுக்கிறது: முதலும் அதனோடு ஐந்தில் ஒரு பங்கும். ஐக்கியப் பணத்தில் ரூ.5,000 எடுத்திருந்தால் திருப்பித் தர வேண்டியது ரூ.6,000. உரியவர் இறந்துபோய் வாரிசும் இல்லையென்றால் அது ஆசாரியனுக்குச் சேர வேண்டும் (எண்ணாகமம் 5:8). இன்றைக்கு அதை ஆலயத்தின் ஏழைகள் நிதிக்குக் கொடுப்பது பொருத்தமாக இருக்கும் என்பது என் எண்ணம். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்புகிறேன் என்றான் (லூக்கா 19:8). அது அவனாகச் சொன்னது, இயேசு கேட்டு வாங்கவில்லை. வரிசையைக் கவனியுங்கள்: இயேசு அவன் வீட்டில் தங்குவேன் என்று சொன்னது முதலில், அவன் பணத்தைத் திருப்புகிறேன் என்றது பிறகு.

இந்த வரிசை நம்ம ஊரில் ஏன் தலைகீழாகிறது என்று யோசித்தால் எனக்கு மொய் நோட்டுதான் ஞாபகம் வருகிறது. ஐந்நூறு வந்தால் அறுநூறாய்த் திருப்பாதவனுக்கு ஊரில் மரியாதை இல்லை. அந்தப் பழக்கத்திலேயே மன்னிப்பையும் நோட்டில் எழுதிக்கொள்கிறோம், திருப்பிச் செய்கிற வரைக்கும் வாசல்படி ஏற மாட்டோம். திருப்பிக் கொடுப்பது மனுஷனுக்குத்தான். தேவனுக்குத் திருப்புகிற மொய் கிடையாது.

நடைமுறை: முதலில் தொகையை எழுது. தோராயமாக இருந்தால் கூடுதலாகவே வை. மொத்தமாக முடியாவிட்டால் தவணை சொல், மாதம் ரூ.1,000 என்றாலும் தேதி சொல். பேசும்போது "சூழ்நிலை அப்படி", "எல்லாரும் செய்றாங்க" என்கிற வார்த்தை வரக் கூடாது. "நான் எடுத்தேன், இவ்வளவு, இந்தத் தேதிக்குள் தருகிறேன்" போதும். அவர் மன்னிக்க மாட்டேன் என்று சொல்லலாம், அது அவர் உரிமை. போலீஸுக்குப் போனாலும் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். பணத்தை யாருக்கும் தெரியாமல் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது மிகச் சாதாரணமாக நடக்கிற ஏமாற்று. பக்கத்து வீட்டுக்காரரின் பணத்தைத் தேவனுக்குக் காணிக்கையாகக் கொடுத்தால் அது எந்தக் கணக்கு?

இன்னொரு எச்சரிக்கை. அறிக்கையின் அகலம் பாவத்தின் அகலத்துக்கு மேலே போகக் கூடாது. மனதுக்குள் ஒருவர்மேல் பொறாமைப்பட்டதையோ, ஒரு பெண்ணைத் தப்பாக நினைத்ததையோ அவர்களிடமே போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்பது தன் பாரத்தை இறக்கி அவர்கள் தலையில் வைப்பது. அது தேவனோடு முடிகிற விஷயம். சபைப் பணம் என்றால் சபைப் பொறுப்பாளர்கள் வரை. ஒருவரை நேரில் திட்டியிருந்தால் அவர் வரை. பத்துப் பேர் முன்னால் திட்டியிருந்தால் அந்தப் பத்துப் பேர் முன்னால்.

செவிலி_எஸ்தர்

இரண்டாவது கேள்விக்கு நான் வர்றேன் தம்பி. இதை நிதானமாச் செய்யணும்.

யாரோ செய்த கொடுமைக்காக வெட்கப்பட்டு நிக்கிற பிள்ளைகிட்ட "அறிக்கை பண்ணு, மன்னிப்புக் கிடைக்கும்"னு சொல்லிறாதீங்க. அப்படிச் சொன்னா "தப்பு உன்னுதுதான்"னு நீங்களே முத்திரை குத்தினதா ஆகும். அறிக்கை செய்ய வேண்டியவன் வேற ஆள். "எதிரியை மன்னிச்சிரு, வீட்டுக்குப் போய்ச் சமாதானமாகு"ன்னும் அவசரப்படுத்தக் கூடாது. பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிஞ்சா, போக்சோ சட்டம் 19-ம் பிரிவுப்படி போலீசுக்குச் சொல்றது கட்டாயம். கமிட்டி கூடிப் பேசி முடிக்கிற விஷயம் இல்ல. பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. இதை உங்க நோட்டின் பின்பக்கம் எழுதி வச்சுக்குங்க, படிப்பு முடிஞ்சதும் யாராவது ஒரு பிள்ளை தனியா வந்து நிக்கலாம்.

இவங்களுக்கு சகரியா 3-ஐ வாசிச்சுக் காட்டுங்க. பிரதான ஆசாரியன் யோசுவா அழுக்கு வஸ்திரத்தோட நிக்கிறான், வலதுபக்கத்துல சாத்தான் குற்றஞ்சாட்டுறான். அந்த அதிகாரம் முழுக்கத் தேடிப்பாருங்க, யோசுவா ஒரு வார்த்தை பேசல. தன் பக்கத்து நியாயம் எதுவும் சொல்லல. கர்த்தர் சாத்தானைக் கடிந்துகொள்றார், வஸ்திரத்தை மாத்தச் சொல்றார், தலையில சுத்தமான பாகை வைக்கிறாங்க. வாய் திறக்க முடியாத நிலையில இருக்கிறவங்களுக்கு ஜெபம்னா அங்க நின்னாலே போதும்.

அவமானம் தனியறையில முழுசா ஆறாது. தன்னை மூணு தடவை மறுதலிச்ச பேதுருவை இயேசு மீட்டது யோவான் 21-ல, கூட ஆறு பேர் இருக்கும்போது. சாப்பாடு போட்டு, மூணு கேள்வி கேட்டு, மூணு தடவையும் ஒரு வேலையைக் கொடுத்தார். உங்க ஐக்கியத்துல திரும்ப வந்த ஒரு பிள்ளைக்குப் பாய் விரிக்கிறதோ, டீ ஊத்துறதோ, வசனம் வாசிக்கிறதோ ஒண்ணு கொடுங்க. பணத்துல தவறினவர்னா காணிக்கை எண்ணுற வேலையை மட்டும் கொடுக்காதீங்க. அது அவருக்கும் நல்லதில்ல. சாட்சி சொல்லச் சொல்லி மேடை ஏத்துறதையும் ஒத்திப்போடுங்க. ஒண்ணு மிகைப்படுத்துவாங்க, இல்ல வீட்டுக்குப் போய் அழுவாங்க.

கடைசியா ஒரு வகை இருக்கு, இதைப் பெரும்பாலும் "ஆவிக்குரிய போராட்டம்"னு தப்பா எடுத்துக்குவாங்க. ஒரே பாவத்தை ஒரு நாள்ல இருபது முப்பது தடவை அறிக்கையிடுறது, ஜெபத்துல ஒரு வார்த்தை தப்பாயிருச்சுன்னு முதல்லருந்து ஆரம்பிக்கிறது, தேவதூஷணமான நினைப்பு தானா வருதுன்னு நடுங்குறது, பத்துப் பேர்கிட்ட "எனக்கு மன்னிப்பு உண்டா"ன்னு மாத்தி மாத்திக் கேட்கிறது. இது எண்ணச் சுழற்சி நோயா (ஓ.சி.டி.) இருக்கலாம், அதுக்கு மருந்தும் பயிற்சியும் இருக்கு. இவங்ககிட்ட "உண்டு உண்டு"ன்னு ஒவ்வொரு தடவையும் தைரியம் சொல்லச் சொல்ல நோய் கூடும், அந்தப் பதில் பத்து நிமிஷம்கூடத் தாங்காது. ஒரே ஆயர், ஒரே பதில், ஒரே தடவை. அதுக்கு மேல மருத்துவர். பெரியாஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. போன்ல பேசணும்னா அரசாங்க மனநல உதவி எண் டெலி மனாஸ் 14416, காசு கிடையாது, தமிழ்ல பேசலாம். தூக்கமே இல்ல, சாகலாம்னு தோணுதுன்னு ஒரு பிள்ளை சொன்னா அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க, அடுத்த உபவாசக் கூட்டம் வரைக்கும் வைக்காதீங்க.

கீழவாசல்_உபதேசியார்

சகோதரி சொன்னது எங்கள் பக்கத்திலும் பழைய நடைமுறை. இப்படிப்பட்டவர்களுக்கு நல்ல குரு இரண்டு கட்டளை போடுவார்: என்னைத் தவிர வேறு குருவிடம் போகாதே, ஏற்கெனவே சொன்ன பாவத்தைத் திரும்பச் சொல்லாதே. கீழ்ப்படிவதே மருந்து. லொயோலா இஞ்ஞாசியார் இந்த நெருடலில் மாதக்கணக்கில் தவித்தவர், அதைப் பற்றித் தனிக் குறிப்புகளே எழுதி வைத்திருக்கிறார்.

லேவி_16

அந்தத் தங்கச்சியோட 10:26 பாக்கி இருக்கு. 10:19-ல வாசல் திறந்திருக்குன்னு சொன்னவரே ஏழு வசனத்துல மூடிட்டாரான்னு கேளுங்க. 25-ல சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதைச் சொல்றார். 29-ல யாரைச் சொல்றார்னா, தேவனுடைய குமாரனைக் காலின்கீழ் மிதிச்சு, உடன்படிக்கையின் இரத்தத்தை அசுத்தமென்று எண்ணினவனை. பாடுகளுக்குப் பயந்து கிறிஸ்துவையே உதறிட்டுப் போறவனுக்கு வேற எங்கேயும் பலி இல்லைங்கிற எச்சரிக்கை அது. விழுந்து, அழுது, திரும்ப வரட்டுமான்னு கேட்கிற பிள்ளைக்கு எழுதினது இல்ல. பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணத்துக்கு மன்னிப்பு இல்லைங்கிற மாற்கு 3:29-ம் இதே மாதிரி. யாருக்குச் சொன்னார்ங்கிறது 30-ல இருக்கு: அவருக்கு அசுத்த ஆவி இருக்குன்னு சொன்னவங்களுக்கு. அதுக்காக 10:26-ஐ ஊதித் தள்ளவும் வேண்டாம். "இயேசு மன்னிச்சிட்டார், நீ யாரு கேக்க"ன்னு பணத்தையும் தராம பந்திக்கு முதல் ஆளா வர்றவனுக்கு அந்த வசனம் சூடாத்தான் படணும்.

1 கொரிந்தியர் 11-க்கு 27-ல நிக்காம 20-லிருந்து வாசிங்க. கொரிந்துல ஒருவன் பசியா இருக்க, இன்னொருவன் குடிச்சு வெறிச்சிருக்கான் (21). இல்லாதவங்களை வெட்கப்படுத்துறாங்க (22). பவுல் கோபப்பட்டது இந்த நடத்தைக்கு. மனசாட்சி குத்துறவனுக்கு அவர் சொன்னது 28-ல: தன்னைத்தானே சோதித்தறிந்து, புசித்து, பானம்பண்ணக்கடவன். சோதிச்சுட்டு வெளியே போகச் சொல்லல. சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே பிள்ளைகளுக்கு இது நேரா பொருந்தும். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு உபதேசியார் ஐயா சொன்ன வரிசை.

நாற்பத்தஞ்சு நிமிஷத்தை இப்படிப் பிரிங்க: எபிரெயர் 4:12-16 வாசிப்பு 5, லேவியராகமம் 16-ம் எபிரெயர் 10-ம் 15, லூக்கா 15-ன் மூணாவது பகுதி 10, கடைசி 15 நிமிஷம் சங்கீதம் 51-ஐ வச்சு அவனவன் தனியா, மௌனமா. பேப்பர்ல எழுதி சிலுவையில ஆணியடிச்சு எரிக்கிறதை முகாம்கள்ல செய்வாங்க, ஒரு கூட்டத்துக்குள்ள வேண்டாம். பக்கத்துல இருக்கிறவன் எட்டிப் பார்ப்பான், உண்மையை எழுத மாட்டாங்க. கூட்டம் முடிஞ்சு நீங்களும் ஒரு அக்காவும் அரை மணி நேரம் அங்கேயே இருங்க, செருப்பு போட லேட் பண்றவங்கதான் பேச வந்தவங்க.

சங்கீதம் 51-ஐ ஜெராக்ஸ் எடுக்கும்போது மேலே இருக்கிற தலைப்பு வெட்டுப்பட்டுப் போகாம பாத்துக்குங்க. தாவீது பாவஞ்செய்த பத்சேபாள் பேரும், அதைக் கண்டிச்ச தீர்க்கதரிசி நாத்தான் பேரும் அதுலதான் இருக்கு, அந்தத் தலைப்போடதான் இராகத்தலைவன் கையில கொடுத்துப் பாட வச்சிருக்காங்க.

திருமங்கலம்_ஐக்கியம்

தலைப்போடு முப்பத்தைந்து பிரதி சொல்லிவிட்டேன் அண்ணே. எஸ்தர் அக்கா, அந்த நான்கு எண்களையும், அதாவது 1098, 181, 14416 மூன்றோடு எங்கள் ஆயர் எண்ணையும், பின்பக்கத்தில் போடுகிறேன். கூட்டத்துக்கு எங்கள் பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஒரு அக்காவையும் கேட்டிருக்கிறேன்.